கம்பம் பள்ளத்தாக்கில் கூரை மாற்றும் பருவம்

தை

ஓட்டு வீட்டின் கூரையை மாற்றும் வேலைக்குத் தை மாதமே தொடக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு சுவரிலும் சட்டத்திலும் நீர் இறங்கிய தடம் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறினால் மங்கிவிடும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்பதில்லை. வாட்டத்தில் எங்கோ மேலே புகுந்த நீர் சட்டத்தின் மேலேயே வழிந்து வந்து கீழே சொட்டும்.

மாசி

ஓட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது மரம். பாசேல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, உடையாதவரை இரண்டு மூன்று தலைமுறைக்கு வரும். கரையானுக்கு இரையாவது அதைத் தாங்கும் பனங்கையும் ரீப்பரும்தான். சட்டம் சுவரில் உட்காரும் முனையை உளியால் குத்தினால் உளுத்திருப்பது தெரிந்துவிடும். ஓடு நன்றாக இருந்தால் மரத்தை மட்டும் மாற்றி, அதே ஓட்டைக் கழுவி மேய்வதே நல்லது.

அளவு எடுக்கும்போது தரையை அளந்தால் போதாது. 30 பாகை வாட்டமுள்ள கூரைக்குத் தரைப்பரப்பைவிட 15 சதவீதம் கூடுதல் பொருள் வேண்டும். இறவாரம் தனிக் கணக்கு.

பங்குனி

ஓட்டைக் கழற்றிவிட்டுத் தளம் போடும் ஆசை பலருக்கு உண்டு. 4 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ எடை. ஓட்டின் எடை அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மண்சாந்தில் எழுப்பிய பழைய சுவர் அந்தச் சுமைக்காகக் கட்டப்பட்டதல்ல. பொறியாளர் அஸ்திவாரத்தைப் பார்க்காமல் இதில் இறங்கவே கூடாது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் 3.5 லட்சம் ரூபாய், ஊரகக் குடிசைவாசிகள் புது வீடு கட்டுவதற்கானது; ஓட்டு வீட்டுக்குத் தளம் போடுவதற்கானதல்ல.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு மலிவு. ஆனால் அதன் நார் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய சீட்டைக் கழற்றும்போது உடைக்காமல், நீர் தெளித்து, முழுதாக இறக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி

வேலை நடக்க வேண்டிய மாதங்கள் இவைதான். கோடை மழைக்கு முன்னெச்சரிக்கையாகத் தார்ப்பாய் கையில் இருக்க வேண்டும். ஒரு நாளில் மேய முடிந்த அளவுக்கு மட்டுமே பிரிக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் கூரைக்கு மழையைவிடக் காற்றே பெரிய சோதனை. தமிழ்நாட்டின் காற்றுக் கணவாய்களில் கம்பமும் ஒன்று; தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். தென்மேற்குப் பருவத்தில் மேற்கேயிருந்து வீசும் காற்று கூரையை அழுத்துவதோடு நிற்பதில்லை. முகட்டிலும் ஓரங்களிலும் மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஆகவே ஓர வரிசை ஓடுகளை, அடியிலுள்ள துளையில் கம்பி கோத்து ரீப்பரோடு கட்ட வேண்டும். முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பதிக்க வேண்டும். மெட்டல் சீட்டு என்றால் நடுவில் இருப்பதைவிட ஓரங்களில் திருகாணிகள் நெருக்கமாக வேண்டும். பதிப்பதையும் கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கி மேற்கே நகர வேண்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பின் வாய் காற்றுக்கு எதிரே திறந்திராது. கொத்தனாரிடமும் வெல்டரிடமும் விலை பேசும்போதே இவற்றைச் சொல்லி எழுதி வாங்கிவிடுவது நலம். ஏறி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

ஆவணி

ஆடிக் காற்று அடங்கியதும் ஒருமுறை பார்வையிட வேண்டும். தளர்ந்த திருகாணியை முறுக்கி, நகர்ந்த ஓட்டைத் தள்ளி, ஐப்பசி மழைக்கு முன் நீர்த்தாரையில் சேர்ந்த சருகை அள்ளிவிட வேண்டும்.