நைனாவின் வலது கால்

நைனாவுக்கு வலது கெண்டைக்கால் இடதைவிட ஒரு சுற்றுப் பருத்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றால் தெரியும். எங்கள் பிக்கப்பின் பிரேக்கை மிதித்தே வளர்ந்த கால் அது.

ஜீப் மூக்கு வைத்த பழைய மகிந்திரா. பிறந்தது பெட்ரோல் வண்டியாக. பிறகு சித்தூரில் பலரும் செய்ததுபோல அவரும் ஒரு டிராக்டர் எஞ்சினைத் தேடிப் பிடித்து ஏற்றி டீசல் ஆக்கிவிட்டார். கியர்பாக்ஸ் மாறியது, பெயிண்ட் மூன்று தடவை மாறியது. பிரேக்கை மட்டும் அவர் தொடவே இல்லை. நான்கு சக்கரத்திலும் டிரம். தரையைத் துளைத்துக்கொண்டு வரும் பெடல். அதற்கு அடியில், சேஸிஸோடு ஒட்டி, ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர். எந்த மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து கைவிரித்துவிடும்.

ஓட்டியது பெரும்பாலும் பலமநேர் தக்காளி. 25 கிலோ கிரேட் நாற்பது ஏற்றினால் ஒரு டன். பலமநேர் சித்தூரைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் பெரும்பகுதியை பங்காருபாளையம் வருவதற்குள் மொகிலி காட் ரோட்டில் இறங்கியாக வேண்டும். சரிவு தொடங்கும் இடத்தில் நைனா நியூட்ரல் தட்டி, ஸ்டாப் குமிழை இழுத்து எஞ்சினை அணைத்துவிடுவார். டீசல் மிச்சமாம். சட்டென்று ஊரே அடங்கியதுபோல இருக்கும். டயர் சத்தமும் கிரேட் உரசும் கிறீச்சும்தான். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்கும். வளைவு வந்தால் மூன்று மிதி. "முதல் மிதி கேக்கும், ரெண்டாவது சொல்லும், மூணாவதுதாண்டா நிறுத்தும்" என்பார்.

முழங்கால் தேய்ந்து அவர் ஸ்டியரிங்கை விட்ட வருஷம்தான் நான் பவர் பிரேக் போட வண்டியைத் திருப்பதி ஆட்டோ நகருக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி பெடலை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். "தம்பி, இது பிரேக்கா, தண்டால் எடுக்கிற இடமா?"

பவர் பிரேக் என்றால் ஏதோ மோட்டார் வந்து மிதிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மிதிப்பது நம்மைச் சுற்றியிருக்கும் காற்று. பெல்ஜியப் பொறியாளர் தெவாந்த்ர் யோசித்து, ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927இல் விற்கத் தொடங்கிய சங்கதி. பூஸ்டர் என்ற தகர உருளைக்குள் ஒரு ரப்பர் தட்டு. அதன் ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சிவிட வேண்டும். பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று புகுந்து தட்டைத் தள்ளும். ஒன்பது அங்குலத் தட்டின் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் காற்று அழுத்துகிறது. உள்ளே முக்கால் பங்கு உறிஞ்சியிருந்தாலும் 300 கிலோ ஆகிறது. நைனாவைப் போல நாலு பேர் ஏறி நிற்பதற்குச் சமம்.

பெட்ரோல் எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும்போது அந்த உறிஞ்சல் தானாகக் கிடைத்துவிடும். டீசலில் கிடைக்காது, தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். மேஸ்திரி எங்கள் டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, முதுகில் பம்ப் ஒட்டிய ஆல்டர்னேட்டரை மாட்டினார். அந்தப் பம்புக்கு எண்ணெய் வேண்டுமே, ஆயில் பிரஷர் லைனில் ஒரு டீ வைத்துக் கொடுத்தார். பூஸ்டர் மெட்ராஸ் புதுப்பேட்டையிலிருந்து வந்தது. (1962இல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை எங்களுக்குப் பக்கத்துச் சோளிங்கரில்தான் இருக்கிறது. பழைய பூஸ்டருக்கு மெட்ராஸ் போகிறோம்.) தொங்கும் பெடலுக்காக முன்தகட்டை வெட்டியவர், பின்னால் ஐந்து மில்லிமீட்டர் பிளேட் ஒன்றை வைத்து வெல்டிங் அடித்தார். இல்லாவிட்டால் மிதிக்கிற மிதிக்குத் தகடு வளையுமே தவிரப் பிரேக் பிடிக்காதாம்.

கூடவே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், டேண்டம். என்னைக் கேட்டால் பூஸ்டரைவிட இதுதான் பெரிய வேலை. முன்சக்கர லைன் போனாலும் பின்சக்கரம் நிற்கும். ஆனால் யாரும் "டேண்டம் போட்டிருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதில்லை. "பவர் பிரேக்" என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து முடித்து, தெருவில் இறக்கி ஒரு மிதி. நைனாவிடம் பழகிய கால் நைனாவின் பலத்தையே போட்டுவிட்டது. நான்கு டயரும் கட்டிப்போட்டதுபோல நின்றன. என் நெஞ்சு ஸ்டியரிங்கில், மேஸ்திரியின் நெற்றி கண்ணாடியில். பின்னால் வந்த பைக்காரர் தெலுங்கில் என் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனார்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மேஸ்திரி சொன்னார்: "எஞ்சினை ஆஃப் பண்ணு. இப்ப மிதி." முதல் மிதி வெண்ணெய். இரண்டாவது கொஞ்சம் கெட்டி. மூன்றாவது கருங்கல், பழைய வண்டியே தேவலை என்று தோன்றியது. "காலை எடுக்காதே. அப்படியே ஸ்டார்ட் பண்ணு." எஞ்சின் உறுமியதும், என் காலடியில் பெடல் தானாக ஓர் அங்குலம் கீழே போனது. யாரோ என் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்ததுபோல. பூஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் எல்லோரும் செய்யும் சோதனைதான். எனக்கு மொகிலி இறக்கத்தின் அந்த நிசப்தம் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. நைனாவின் மூன்று மிதிக் கணக்கு இந்த வண்டியில் நேர் தலைகீழ். மூன்றாவதுதான் நிறுத்தாது.

பூஸ்டர் காலைத்தான் இலகுவாக்குகிறது. டிரம் அதே டிரம். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனர் பிடிமானம் இழக்கும். முன்பெல்லாம் அது நைனாவின் தொடை வலியாகத் தெரிந்துவிடும். இப்போது கால் ஒன்றும் சொல்வதில்லை. திருமலையிலிருந்து கீழே வரும் வண்டிகள் 1944இல் போட்ட பழைய மலைப்பாதையில்தான் வருகின்றன. 40 நிமிடத்துக்குக் குறைவாக இறங்கக் கூடாது என்று தேவஸ்தானம் விதியே வைத்திருக்கிறது. அப்படியும் அலிபிரி பக்கம் நின்று பாருங்கள், பளபளவென்ற புதுக் கார்களிலிருந்து லைனர் தீயும் வாடை வரும். நியூட்ரல் இல்லாவிட்டால் டாப் கியர், பெடல்மேல் கட்டைவிரல் பாரம், முழு நம்பிக்கை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பஸ் டிரைவர்கள் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

முதல் தக்காளி லோடுக்கு நைனாவும் வந்தார், இடது சீட்டில். மொகிலி சரிவு தொடங்கியதும் என் கையைப் பார்த்தார். நான் இரண்டாவது கியர் போட்டேன். எஞ்சின் அலறியது.

"அணைச்சுடேண்டா. எவ்ளோ டீசல் வீணா போவுது."

"இதுல அணைக்கக் கூடாது நைனா."

"அப்ப எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி பவர் பிரேக்கு?"

பதில் சொல்லவில்லை. அலறலோடே இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவருடைய வலது பாதம் தரையை மூன்று மூன்று தடவை தட்டிக்கொண்டிருந்தது.

பங்காருபாளையத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தினேன். அவர் கைத்தாங்கலாக இறங்கி, முன்சக்கரத்துப் பக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதலில் புறங்கையை டிரம் அருகே காட்டினார். பிறகு விரலில் எச்சில் தொட்டு வைத்தார். சீறவில்லை. உள்ளங்கையையே வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"டீ சொல்லு" என்றார்.