காயிதத்தில் யார் பேரு?

இம்தியாஸ் தார்க்கர் ஆங்கிலத்தில் எழுதுகிற கவிஞர். 1954இல் லாகூரில் பிறந்தவர், கிளாஸ்கோவில் வளர்ந்தவர், பம்பாயிலும் வாழ்ந்தவர். 2006இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் 'டிஷ்யூ' என்றொரு கவிதை இருக்கிறது. தாளைப் பற்றிய கவிதை. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளின் பொதுத் தேர்வுக்கான தொகுப்பிலும் இது இடம்பெற்றது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தபோது, "இதுல நமக்கு என்னக்கா இருக்கு?" என்று ஒரு தம்பி கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான்.

கவிதை ஒரு குரானின் பின்பக்கத்தில் தொடங்குகிறது. வீட்டில் யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் எங்கே எப்படிச் செத்தார்கள் என்று அந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பல கைகள் பட்டுப் பட்டுத் தாள் தேய்ந்து மெலிந்துபோய், வெளிச்சம் ஊடுருவுகிறது. அப்புறம் எல்லைக்கோடுகள் போட்ட வரைபடங்கள் வருகின்றன. மளிகைக்கடைச் சீட்டுகள் வருகின்றன. கட்டடங்களும் அதிகாரமும் இந்தத் தாளைப் போல மெல்லியதாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறார். கடைசியில் தாள் மனிதத் தோலாகிறது. ஆங்கிலத்தில் 'டிஷ்யூ' என்றால் மெல்லிய தாளும்தான், உடம்பின் தசையும்தான்.

இந்தக் கவிதைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு கிடக்கிறது. சீனத்தில் பிறந்த காகிதம் எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்து, பாக்தாத் என்று இஸ்லாமிய உலகத்துக்குள் பரவியது. பின்னால் இங்கேயும் வந்தது. 'காகிதம்' என்கிற சொல்லே பாரசீகத்து 'காகஸ்'தான். நம் சேரியில் கெழவிகள் "காயிதம் வந்துருக்கா?" என்று கேட்கும்போது அவர்கள் வாயில் இருப்பது அந்தச் சொல்தான். குடும்பத்தின் பிறப்பையும் இறப்பையும் வேதப்புத்தகத்தின் வெற்றுத்தாளில் எழுதிவைப்பது அங்கே வீட்டு வழக்கம். அரசாங்கம் கேட்டு எழுதியதல்ல, தாங்களே எழுதிக்கொண்டது.

வரைபடத்துக்கும் கதை உண்டு. அதுவரை இந்தியாவையே பார்த்திராத ராட்கிளிஃப் என்ற வெள்ளைக்கார வக்கீல் 1947 ஜூலையில் வந்து இறங்கினார். அவர் போட்ட கோடு ஆகஸ்ட் 17ஆம் தேதி வெளியானது. பஞ்சாபும் வங்காளமும் ரத்தமாக ஓடின. லாகூர் அந்தப்பக்கம் போனது. அங்கே பிறந்து, பம்பாயிலும் வாழ்ந்தவருக்குத் தாள்மேல் போட்ட கோடு வெறும் உவமை இல்லை.

சரி, நமக்கு?

எங்க அம்மாவின் பிறந்த தேதி எந்தத் தாளிலும் இல்லை. கையைத் தலைக்கு மேலாக வளைத்துப்போட்டுக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஹெட்மாஸ்டர் ஜூன் மாசத்தில் ஒரு தேதியைப் போட்டார். இன்றைக்கும் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்தத் தேதிதான். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் "நான் பொறந்தப்ப ஏரி ஒடைஞ்சுச்சாம்" என்பது மட்டும்.

இதை வைத்து நமக்கு எழுத்தே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்த்ததாக அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். அவரே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை நடத்தினார். எழுத்து நம்மிடமும் இருந்தது. நிலமும் அதிகாரமும் எழுதப்பட்ட காகிதம்தான் நம்மிடம் தங்கவில்லை.

பஞ்சமி நிலத்தையே எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் கொடுத்தார்கள். பின்னால் சேர்ந்த நிபந்தனைகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு விற்கவே கூடாது; அதற்கப்புறமும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம். அவ்வளவு தெளிவான காகிதம். ஆனாலும் நிலம் கைமாறியது. கடனுக்கு ஒரு கைநாட்டு, சாராயத்துக்கு ஒரு கைநாட்டு, மிரட்டலுக்கு ஒரு கைநாட்டு. ஒரு காகிதம் கொடுத்ததை இன்னொரு காகிதம் பிடுங்கிக்கொண்டது. காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். கவிதையில் தாள் தோலாக மாறுகிறதே, அதை இங்கே வைத்துப் படித்தால் எனக்கு அந்த இரண்டு உடம்புகள்தான் தெரிகின்றன.

ஆகவே, தாள் மெலியட்டும், எல்லை கரையட்டும் என்று கவிஞரோடு சேர்ந்து நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் பட்டாவில் பேர் ஏறாதவனிடம் போய் "காயிதமெல்லாம் காத்துல பறக்குறதுதாம்பா" என்று என்னால் சொல்ல முடியாது. அவன் பேர் முதலில் ஏறட்டும். பாபாசாகேப் 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். அவரே அரசியல் சட்ட வரைவுக்குழுவுக்குத் தலைமை தாங்கி, 1950இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் எழுதிக் கொடுத்தார். எந்தக் காகிதத்தை எரிக்க வேண்டும், எந்தக் காகிதத்தை நாமே எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் கவிதையின் முதல் பகுதியில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பம் தாசில்தார் வந்து எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை. இப்போது எங்கள் பகுதியில் நாலு பேர் சேர்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறோம். எந்தக் குடும்பம் எந்த நிலத்தில் உழுதது, பழைய சர்வே நம்பர் என்ன, எப்போது யாரிடம் போனது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறோம். பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே பேர் மாறியிருக்கிறது என்பது தெரியும்.

உங்கள் ஊரிலும் ஒரு நோட்டு போடுங்கள் தோழர்களே. விவரம் தெரிந்த கெழவன் கெழவி உயிரோடு இருக்கும்போதே போடுங்கள்.