பெசலெயேலின் கைகளும் பெங்களூர்ச் சந்தையும்



பிழைப்பிற்காகப் பெங்களூருக்கு வந்து குடியேறிய நம் விசுவாசக் குடும்பங்கள், விடுமுறை நாட்களில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று கேட்பதுண்டு. வணிக வளாகங்களைவிடப் பிரயோஜனமான ஓர் இடத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். குமாரகிருபா சாலையில் உள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்தே அது.

1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கலை நிறுவனத்தில் ஓவியக் கல்லூரியும் பல காட்சிக்கூடங்களும் உள்ளன. ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக், அவருடைய குமாரன் ஸ்வெதஸ்லாவ் ரோரிக் ஆகியோரின் ஓவியங்களை அங்கே காணலாம். கர்நாடகக் கிராமங்களின் தோற்பாவைகளும், மைசூர் மரபு ஓவியங்களும் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. விடுமுறைக் காலங்களில் இவ்வளாகத்தில் கைவினைஞர்கள் கடை விரித்து, தாங்கள் செய்த பொருட்களைத் தாங்களே விற்பார்கள். 2003 முதல் பெரும்பாலும் ஜனவரி மாத ஞாயிறொன்றில் நடந்துவரும் 'சித்திரச் சந்தை' நாளிலோ, சாலை முழுவதும் ஓவியர்களால் நிறைந்துவிடும். நாள் ஞாயிறாகையால், ஆராதனையை முடித்துவிட்டுச் செல்லுங்கள். மாலை வரை சந்தை இருக்கும்.

கைவினைக் கடைகளில் இரண்டு பொருட்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒன்று, பெங்களூருக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்தின் மரப்பொம்மை. பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒன்றிப்போகும். பின்பு காய்ந்த தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மற்றொன்று பீதர் நகரத்து பித்ரி வேலை. துத்தநாகமும் செம்பும் கலந்து வார்த்த பாத்திரத்தில் பூவும் கொடியும் செதுக்கி, அக்கோடுகளில் வெள்ளியைப் பதிப்பார்கள். பின்பு பழைய கோட்டை மண்ணை நவச்சாரத்தோடு குழைத்துப் பூசுவார்கள். உலோகம் கறுத்துப்போகும், வெள்ளியோ கறுக்காமல் முன்னிலும் பிரகாசமாய்த் துலங்கும்.

இவற்றைப் பார்க்கையில் வேதத்தில் ஒரு மனிதனை நினைவுகூருங்கள். ஆவியானவரின் அபிஷேகத்தை வாஞ்சிக்கிற ஜனங்கள் நாம். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் முதன்முதலாகச் சொல்வது யாரை? தீர்க்கதரிசியை அல்ல, ஆசாரியனை அல்ல, ராஜாவையும் அல்ல. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் வரும் பெசலெயேல் என்னும் கைவினைஞனையே. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினங்களை வெட்டிப் பதிக்கவும், மரத்தில் சித்திரவேலை செய்யவும் கர்த்தர் அவனை நிரப்பினார். 35-ஆம் அதிகாரமோ, மற்றவர்களுக்குப் போதிக்கும் வரத்தையும் அவனும் அகோலியாபும் பெற்றார்கள் என்கிறது.

"பாஸ்டர், அங்கே விக்கிரகங்களும் விற்கிறார்களே, போகலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. பெசலெயேல் அழைக்கப்பட்டது 31-ஆம் அதிகாரம். ஆரோன் பொன் கன்றுக்குட்டியைச் செய்தது 32-ஆம் அதிகாரம். ஜனங்களின் காதணிகளே கன்றுக்குட்டியாயின. பின்னர் ஜனங்கள் மனமுவந்து கொடுத்த காதணிகள் ஆசரிப்புக் கூடாரத்திற்கும் சென்றன. பொன்னில் குற்றமில்லை, உளியிலும் குற்றமில்லை. அது யாருக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்டது என்பதே காரியம். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்திற்கே ஜனங்கள் தூபங்காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். ஆகையால் வணக்கத்திற்குரிய உருவங்களை வாங்காதிருங்கள். ஆனால் அவற்றைச் செய்கிற மனிதனை அற்பமாய் எண்ணாதிருங்கள். அவனுக்காகவும் கிறிஸ்து மரித்தார்.

அடுத்து, பேரம் பேசுவதைக் குறித்து ஒரு வார்த்தை. பெரிய கடையில் ஒட்டப்பட்ட விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, தரையில் அமர்ந்திருக்கும் கைவினைஞனிடம் பாதி விலைக்குக் கேட்பது நம்மிடையே சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது. வாங்கும்போது பொருளைக் குறைசொல்லி, எடுத்துச் சென்றபின் மெச்சிக்கொள்ளும் மனிதனை நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் அன்றே படம்பிடித்துவிட்டது. குறைத்துக் கொடுத்த ரூபாய் அவன் வீட்டுப் பிள்ளைகளின் ஆகாரமாய் இருக்கலாம். கூலிக்காரரின் கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். வாங்க இயலாவிட்டால் பாராட்டிவிட்டு வாருங்கள். வாங்கினால் நியாயமான விலை கொடுங்கள்.

முடிவாக, நம் வீடுகளைக் குறித்தும் சிந்திப்போம். நம் சபைகளில் தச்சர்கள், கொத்தனார்கள், தையற்காரர்கள், வெல்டிங் வேலை செய்வோர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்து, தகப்பன் செய்யும் தொழிலைச் சொல்லக் கூசுகிறார்கள். பெற்றோரும், "நான்தான் இப்படி ஆகிவிட்டேன், நீயாவது நல்ல வேலைக்குப் போ" என்கிறார்கள். படிக்கட்டும், உயரட்டும், அதில் தவறில்லை. ஆனால் நம் ஆண்டவர் நாசரேத்தில் தச்சனாயிருந்தார் என்பதையும், பவுல் அப்போஸ்தலன் கூடாரம் பண்ணிப் பிழைத்தார் என்பதையும் அந்தப் பிள்ளைகள் அறியவேண்டும். சந்தையில் கடைசல்காரரின் கைகளைக் காட்டி, "உன் அப்பாவின் கைகளும் இப்படிப்பட்டவையே" என்று சொல்லுங்கள். அதைப் பார்த்தாகிலும் அந்தக் கூச்சம் நீங்கட்டும்.

நம் கைகளின் கிரியைகளைக் கர்த்தர்தாமே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.