காலி டேங்க் காலியல்ல!

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

'மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா' என்று மாணவர் மன்றச் செயலாளர் பத்து நாளாக என்னை விரட்டினார். கவிதை நமக்கு வராது. ஆகவே போன கோடை விடுமுறையில் ஒரு பெட்ரோல் டேங்கோடு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிரிக்காமல் படியுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் பெரியப்பா தோட்டத்தில் ஒரு ஜீப் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. அதில் ஒன்று இது. போல்ட் தலைகளில் 'எஃப்' என்ற எழுத்து இருப்பதால் ஃபோர்டு செய்தது என்று கண்டுபிடித்தேன். மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து 1968-ல் எங்கள் தாத்தா வாங்கினார். 2013-ல் தாத்தா காலமானார். அதோடு ஜீப்பும் படுத்துக்கொண்டது.

அப்பத்தாவுக்கு வயது எண்பத்து நான்கு. "அந்த வண்டியில ஒருக்கா நம்ம கோயலுக்குப் போயிட்டு வந்தாப் போதுங் கண்ணு" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லும். பெரியப்பாவோ பழைய இரும்புக்காரரிடம் விலையே பேசிவிட்டார். "ஒரு மாசம் டைம் தர்றேன். ஓட்டிக் காட்டினீன்னா வண்டி இருக்கும். இல்லீன்னா எடைக்குப் போயிரும்" என்றார். என் டிப்ளமோவுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

என்ஜின் பத்தே நாளில் பேசிவிட்டது. ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, டியூப் போட்டு கார்பரேட்டருக்கு விட்டேன். பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக முடியுமா? டேங்க் வேண்டுமே!

இந்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது. கொள்ளளவு 15 அமெரிக்க காலன், அதாவது சுமார் 57 லிட்டர். பெட்ரோல் போட வேண்டுமானால் டிரைவர் எழுந்து, சீட்டைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். டேங்கின் அடிப்பாகம் தரைத்தகட்டில் உள்ள ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. அந்த ஓட்டை சேற்றில் அடைத்துக்கொண்டால் டேங்க் மழைக்காலம் முழுக்க ஈரத்திலேயே ஊறும். எங்கள் டேங்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. கழற்றி வெயிலில் பிடித்தேன். அடியில் நட்சத்திரம் தெரிந்தது!

வேறு டேங்க் தேடி சென்னை புதுப்பேட்டைக்கே போனேன். இரண்டு நாள் அலைந்ததில் மஹிந்திரா செய்த சிஜே-3பி ஜீப்பின் டேங்க் ஒன்றுதான் அகப்பட்டது. அது சுமார் 40 லிட்டர்தான். அதோடு பெட்ரோல் ஊற்றும் வாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை மாட்ட வேண்டுமானால் பாடியில் ஓட்டை போட வேண்டும். போனில் கேட்டதற்குப் பெரியப்பா, "எங்கப்பன் வண்டிய வெட்டறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று வைத்துவிட்டார். விற்கப் போகிற மனிதர் சொல்கிற பேச்சா இது? பிலிப்பைன்ஸ் நாட்டில் இந்தப் பழைய ஜீப்புக்கு பாடி, டேங்க் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். பேசாமல் ஊருக்கு பஸ் ஏறினேன்.

பழைய டேங்கையே ஒட்டுப் போட்டுவிடலாம் என்று டிங்கர் பாய் ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பாய் டீ குடிக்கப் போயிருந்தார். நமக்குத்தான் கேஸ் வெல்டிங் தெரியுமே! பதினோரு வருஷத்துக்கு மேலாகக் காய்ந்து கிடக்கும் காலி டேங்க்தானே என்று, டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"டேய்!" என்று ஒரு சத்தம். பாய் ஓடிவந்து சிலிண்டர் வால்வை மூடினார். அவர் கை நடுங்கியது.

"காலின்னு யாரு சொன்னா தம்பி?" என்று கேட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீக்காயத் தழும்பு. "லாரி டேங்க். டீசல்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெருப்பக் காட்டினேன். எனக்குக் கையோட போச்சு. பக்கத்துல புடிச்சிட்டு நின்னவன் என் தம்பி. உன் வயசுதான். எட்டு நாள் இருந்தான்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நண்பர்களே, இது நம் பாடத்திலேயே இருக்கிறது. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்குச் சுமார் 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை இருந்தால் வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவி அதைவிட அதிகம், காற்று குறைவு. காலி டேங்கில்தான் இரண்டும் சரியான அளவில் சேரும். வருஷக்கணக்கில் காய்ந்தாலும் மடிப்பிலும் துருவிலும் ஒட்டியிருக்கும் பிசின், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினவன்தான் நான்! பேப்பரில் இருந்தது கைக்கு வரவில்லை.

அந்த டேங்க் ஒட்டுக்குத் தாங்காது என்று பாய் சொல்லிவிட்டார். ஆனால் அதையே மாதிரியாக வைத்து அளவெடுத்து, புதுத் தகட்டில் ஒரு டேங்க் செய்தோம். வெட்டியதும் மடித்ததும் பாய். உள்ளே பெட்ரோல் அலையாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் வைத்தோம். "இந்தத் தகடு இன்னும் பெட்ரோலைப் பார்க்கல. இப்பப் பத்தவை தம்பி" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார். பிறகு எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்று ஏற்றி, சோப்பு நுரை தடவினோம். மூன்று இடத்தில் குமிழி வந்தது. நான் வைத்த பற்றுதான், வேறு யார்!

மாட்டும்போதும் பாடம் தொடர்ந்தது. பள்ளத்தின் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, டேங்குக்கு அடியில் ஃபெல்ட் வைத்துப் பட்டை போட்டு இறுக்கினோம். பெட்ரோல் முள் தாறுமாறாகக் காட்டியது. பெயிண்டும் ஃபெல்ட்டும் சேர்ந்து எர்த்தைத் தடுத்துவிட்டன. தனியாக ஓர் ஒயர் இழுத்ததும் சரியானது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் ஹோஸ் எல்லாம் அதற்கு ஏற்றதாகப் புதிதாக மாற்றினோம்.

முதல் ஓட்டத்தில் நாலு கிலோமீட்டரில் வண்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே வர வேண்டும் அல்லவா? நான் வாங்கிப் போட்ட மூடியில் அதற்கு வழியே இல்லை. சரியான மூடி போட்டதும் ஓடியது.

பெரியப்பா கொடுத்த கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அப்பத்தாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். ஓட்டியது பெரியப்பா. வழியெல்லாம் அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் சீட்டைத் தட்டி, "உங்க தாத்தா இதுக்கடியில பெட்ரோல வெச்சுக்கிட்டே பீடி குடிப்பாரு. நான் திட்டிக்கிட்டே வருவேன்" என்று சிரித்தது. இரும்புக்காரரிடம் வாங்கிய அட்வான்ஸை அன்று மாலையே பெரியப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தம்பிகளே, தங்கைகளே! நம் ஒர்க்‌ஷாப் மூலையில் ஒரு பழைய பைக் டேங்க் கிடக்கிறது. செய்முறை வகுப்பில் யாராவது அதன்மேல் டார்ச் காட்டப் போனால், ஓடிப்போய் வால்வை மூடுங்கள். காரணம் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். பாயிடம் கூட்டிப்போகிறேன்.