அம்மாவின் தனித் தட்டு

அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாளாகியிருந்தது. இடது விலாவில் குத்தல். மூச்சை இழுத்தால் முகம் சுருங்கும். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். லயத்தில் யாரோ "காசநோயாக இருக்குமோ?" என்று முணுமுணுத்தது அம்மா காதில் விழுந்துவிட்டது. அன்றே தட்டையும் குவளையையும் தனியாக ஒதுக்கிக்கொண்டார். பேரனைக்கூட அருகில் சேர்க்கவில்லை.

லிங்கிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிரம்பானுக்குக் கொண்டு போனோம். நெஞ்சுப் படம் பார்த்த டாக்டர், நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்றார். விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள்.

"தம்பி, கிருமியை வளர்த்துப் பார்க்க நாளாகும், பல சமயம் வளராமலும் போகும். அதற்குள் இந்த நீரே நமக்குச் சாட்சி சொல்லும்" என்றார் டாக்டர்.

பாக்டீரியாக் கிருமிகளும் அவற்றோடு போராடும் வெள்ளணுக்களும் நீரிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுமாம். சர்க்கரை குறையும், புளிப்பு ஏறும். புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 7.2க்குக் கீழே போனால் மருந்து மட்டும் போதாது. குழாய் வைத்து வடிக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "மங்கில் விட்ட பால் புளித்துக் கட்டியாகிறதே, அது போலவா?" என்றார். முப்பது வருடம் பால்மரம் சீவியவர் அல்லவா! "அதேதான் அம்மா. கட்டியாகிவிட்டால் வடிப்பது கஷ்டம்" என்றார் டாக்டர்.

சி.ஆர்.பி. என்ற புரதத்தையும் பார்த்தார்கள். 1930இல் நியூயார்க்கில், நிமோனியா கண்டவர்களின் இரத்தத்தில் கண்டறிந்தது அது. பாக்டீரியா தாக்கினால் மிக உயரும். காசநோயில் ஏறக்கூடிய ஏ.டி.ஏ. என்ற பொருளோ அம்மாவுக்குக் குறைவாகவே இருந்தது. ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை என்று சளியையும் சோதித்தார்கள். காசநோய் இல்லை. சீழ் வைக்கும் கிருமிதான்.

குழாய் வைத்து வடித்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. வாரக்கணக்கில் மருந்து சாப்பிட்டு அம்மா தேறினார்.

வீடு திரும்பிய அன்று பேரனை மடியில் வைத்துத் தன் தட்டிலிருந்தே ஊட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசநோயாகவே இருந்தாலும் மருந்தால் தீரக்கூடியதுதானே! எதற்காக அந்தத் தட்டை ஒதுக்க விட்டோம்?

அன்பர்களே, காய்ச்சலோடு விலாக் குத்தலும் மூச்சு முட்டலும் கண்டால் தைலத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நோயின் பெயரை லயம் சொல்ல வேண்டாம், சோதனை சொல்லட்டும்.