தைப்பிங்கில் அம்மாவின் "வெளிய"

மலேசியத் தமிழர்களிடம் "தோட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். பூச்செடி யாருக்கும் ஞாபகம் வராது. பால்மரம், லயம், பெரட்டு, கிராணி, தோட்டத்துக் கோயில், இவைதான் வரும். "நீங்க எந்தத் தோட்டம்?" என்பது என் பாட்டி காலத்தில் ஊர் விசாரிக்கும் கேள்வி. அதனாலோ என்னவோ, என் அம்மா தன் வீட்டைச் சுற்றி வளர்த்திருக்கும் செடிகொடிகளை ஒருநாளும் தோட்டம் என்று சொன்னதில்லை. "வெளிய" என்பார். "வெளிய தண்ணி ஊத்திட்டு வரேன்." "வெளிய போயி ரெண்டு கொத்து கறிவேப்பிலை கிள்ளிட்டு வாம்மா."

அந்த "வெளிய" இருப்பது தைப்பிங்கில், ஒரு பழைய தாமானின் மூலை வீட்டில். முன்பக்கம் இருபது அடி, பக்கவாட்டில் பதினைந்து அடி. நடுவில் இருக்கும் தெராஸ் வீட்டை வாங்கியிருந்தால் அப்பாவுக்குக் கடன் குறைந்திருக்கும். அம்மா பிடிவாதமாக மூலை வீடுதான் வேண்டும் என்றாராம். அவர் பிறந்து வளர்ந்த லயத்து வீட்டின் பின்னால் கீரையும் கத்தரியும் போட்டிருந்தார்கள். மண் மட்டும் அவர்களுடையது இல்லை. தோட்டம் கைமாறியபோது வீட்டோடு அந்தக் கீரைப் பாத்தியும் போனது.

சென்ற மாதம் நான் ஊருக்குப் போனது, பினாங்கில் வேலை செய்யும் அண்ணன் கூட்டிய குடும்பக் கூட்டத்துக்காக. கூட்டத்தின் ஒரே விஷயம், "வெளிய" முழுவதற்கும் சிமெண்ட் போட்டுவிடலாமா என்பது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு வயது 69. மூன்று மாதம் முன்பு மழையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "இன்னும் ஒரு தடவை விழுந்தா யாரு வந்து பாக்குறது? நீயா நானா?" என்று அண்ணன் போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கோலாலம்பூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரயிலேறிப் போகிறவள் நான்.

தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று அது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் பெய்யும். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று புக்கிட் லாருட் மலையில் முட்டி, ஊர்மேல் கொட்டிவிடும். அந்தக் காலத்தில் இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயமே கட்டுவார்களாம். ஊரின் பெருமையான ஏரிப் பூங்காகூட மழையும் மண்ணும் சேர்ந்து செய்த வேலைதான். கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தை 1880-ல் பூங்காவாக மாற்றினார்கள். கரையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளையை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. மலாய்க்காரர்கள் அந்த மரத்துக்கு "புக்குல் லீமா" என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள், ஐந்து மணி மரம். சாயங்காலமானால் இலையை மடித்துக்கொள்ளும். ஈயம் தோண்டித் தீர்த்த பள்ளத்திலேயே இவ்வளவு பச்சை வந்த ஊரில் வீட்டு வாசலுக்குச் சிமெண்ட் போடுவதா என்று ரயிலில் எனக்குள்ளே ஒரு வசனம் தயார் செய்துகொண்டேன். வானொலிக்காரி அல்லவா.

வீட்டுக்குப் போனதும் அந்த வசனம் உதவாது என்று தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. ஒற்றைக் கையோடு அம்மா எதைப் பிடுங்குவார்? அப்பா நட்ட மாமரம் பக்கத்து வீட்டுக் கூரைவரை சாய்ந்திருந்தது. அதன் வேர் கால்வாய்ச் சிமெண்டைப் பிளந்து மேலே தூக்கியிருந்தது.

எனக்குக் காலை நிகழ்ச்சி. வருடக்கணக்கில் நாலு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு விடுமுறையிலும் நாலு மணிக்குக் கண் விழித்துவிடும். அன்றும் அப்படித்தான். கதவைத் திறந்து வெளியே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். இருட்டு. பவளமல்லி மரத்திலிருந்து பூ ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் பூ அது. பகலில் மட்டும் தோட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தரையில் கிடக்கும் வெள்ளை இதழும் ஆரஞ்சுக் காம்பும் மட்டும்தான். ஒரு பூ இலையில் தட்டி விழும் சத்தம் கேட்குமா என்று கேட்டால், நாலு மணிக்குக் கேட்கும் என்றுதான் சொல்வேன். கடையில் மூங்கில் ஊஞ்சல், சோலார் விளக்கு, பிளாஸ்டிக் புல், தண்ணீர் கக்கும் சிங்கம் என்று என்னென்னவோ விற்கிறார்கள். எனக்குக் கேட்டால், ஒரு வீட்டு வெளியில் முதலில் வைக்க வேண்டியது உட்கார ஓர் இடம். அதற்குப் பக்கத்தில் இரவில் மணக்கும் ஒரு செடி. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பதே இருட்டிய பிறகுதானே.

அந்தப் பெஞ்ச் பூச்சட்டி விற்கும் சாலையோரக் கடையில் அப்பா பேரம் பேசி வாங்கியது. நாலு பேர் தூக்கி வந்து மாமரத்தடியில் போட்டார்கள். சாயங்காலம் அப்பா அதில் உட்கார்ந்து நாளிதழ் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை இந்த இணைப்பிதழ் எனக்கு, மீதி அவருக்கு.

பெஞ்சுக்குப் பக்கத்தில் பெரிய மண்சாடி ஒன்று இருக்கிறது. மலாய்க்காரர்கள் தெம்பாயான் என்பார்கள். அதில் தண்ணீர், ஓர் அல்லிக்கொடி, பத்துப் பதினைந்து லோங்காங் மீன். கடையில் கப்பி என்று காசு வாங்குகிறார்களே, அதே மீன்தான். அப்பா அவற்றை நிஜமாகவே கால்வாயில் பிடித்துவந்தார். தெருவில் ஒருவருக்கு டெங்கி வந்தபோது பக்கத்து வீடுகளில் தண்ணீர்த் தொட்டிகளையெல்லாம் கவிழ்த்தார்கள். நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் கட்ட நேரிடும். சோதனைக்கு வந்த அதிகாரி எங்கள் சாடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். புழு இல்லை, மீன் தின்றிருந்தது. ஆனால் பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைக் காட்டி அப்பாவை எச்சரித்தார். நியாயம்தான். ஏடிஸ் முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதிலிருந்து ஏழு, பத்து நாளில் கொசு பறக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டிக்குத் தட்டு கிடையாது. ஆசையாகத் தண்ணீர்த்தொட்டி வைக்க நினைக்கும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் மீனுக்கு வழி பாருங்கள், பிறகு அல்லிக்கு.

விடிந்ததும் அம்மா காபியோடு வந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் கறிவேப்பிலைக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினார். இந்த மழை ஊரில் கறிவேப்பிலை வளர்ப்பது சுலபமில்லை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அம்மா முழங்கால் உயரத்துக்கு மண்மேடு கட்டி, மணல் கலந்து நட்டிருக்கிறார். மாதம் ஒரு தடவை புளித்த மோர். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் செடிக்கு இருக்கிறது போலும்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு மக்சிக். மீன் குழம்புக்கு டாவுன் காரி வேண்டும். அம்மா ஒரு கொத்து ஒடித்து வேலிக்கு மேலே கொடுத்தார். பதிலுக்கு நாலு தண்டு சேராய் வந்தது. பின்வீட்டுச் சீன ஆன்ட்டி முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு பாண்டான் இலை கொடுப்பார். அம்மாவின் மலாய் முழுவதும் இந்த வேலியோரத்தில் கற்றதுதான். எங்கள் வேலி இடுப்பு உயரம். அண்ணனின் திட்டத்தில் சிமெண்டோடு சேர்த்து ஆறடிச் சுவரும் இருந்தது, பாதுகாப்புக்காக. கை முறிந்த அன்று அம்மாவின் சத்தம் கேட்டு ஓடிவந்தவர் மக்சிக். ஆறடிச் சுவர் இருந்திருந்தால் அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் கேட்டேன். அண்ணன் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"எங்க விழுந்தீங்கன்னு காட்டுங்கம்மா," என்றேன். அம்மா பின்பக்கம் கூட்டிப்போனார். குழாயடி. துணி துவைக்க அப்பா பூசிய வழவழப்பான சிமெண்ட் தரை. வெயில் படாத மூலை, பாசி படிந்து பச்சையாக மின்னியது. அம்மா விழுந்தது மண்ணில் இல்லை, சிமெண்டில்!

இதை நான் கோர்ட்டில் ஜெயித்த வழக்கறிஞர் மாதிரிச் சொன்னேன். அண்ணன் அசரவில்லை. "சரி, சிமெண்டுலதான் விழுந்தாங்க. புல்லு யாரு வெட்டுவா? அந்த மாமரம் பக்கத்து வீட்டு மேல சாஞ்சா யாரு பதில் சொல்றது? நீ ரேடியோவுல பேசுவியா?" அவன் கேட்டது சரி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பினாங்கிலிருந்து வந்து புல் வெட்டிக்கொண்டிருந்தவன் அவன். தோட்டத்தைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

மத்தியானம் மழை பிடித்தது. மூவரும் ஜிங்க் கூரைக்கடியில் உட்கார்ந்தோம். ஒருமுறை நான் இந்த இடத்தில் மழையைப் பதிவுசெய்து நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கேட்ட சக ஊழியர் "யார் வீட்டுல வடை சுடுறாங்க?" என்றார். வாழையிலையில் விழும் மழை ஒரு சத்தம், ஜிங்க்கில் விழுவது வேறு, சாடித் தண்ணீரில் விழுவது வேறு. சிமெண்டில் விழும் மழைக்கு ஒரே சத்தம்தான்.

துணிக்கொடி ஓரத்தில் தொங்கும் பழைய கயிற்றில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சிலந்திவலையும் பஞ்சும் சேர்த்து, பை மாதிரி. கட்டுவது பெண் சிட்டுதான், ஆண் கூடவே பறந்து மேற்பார்வை பார்க்கும். எங்கள் மூன்று பேருக்கும் கை நீட்டினால் எட்டும் தூரம். அம்மா அந்தக் கொடியில் துணி காயப்போடுவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறதாம். "குஞ்சு பறந்தப்பறம் என்ன வேணா செய்யுங்க," என்றார். அவ்வளவு நேரம் பேசிய பேச்சில் அவர் வைத்த ஒரே நிபந்தனை அது.

அண்ணன் கொஞ்சம் இறங்கிவந்தான். நானும் இறங்கினேன். மாமரம் போகும். முன்பக்கத்தில் ஒரு காருக்கும் நடைபாதைக்கும் மட்டும் சிமெண்ட், அதுவும் கரடுமுரடாக, கோடு போட்டு. குழாயடித் தரையைக் கொத்தி வழுக்காத ஓடு, கூடவே பிடித்து நடக்கக் கம்பி. பக்கவாட்டுப் பதினைந்து அடி மண்ணாகவே இருக்கும். புல்லுக்கு மாதச் சம்பளத்தில் ஓர் ஆள், காசு என்னுடையது. சுவர் கிடையாது.

குஞ்சுகள் பறந்துவிட்டன என்று அம்மா போன் செய்த வாரம் மரம் வெட்டினார்கள். நான் அன்று போகவில்லை. நிகழ்ச்சி இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பேனா, தெரியாது. அண்ணன் அனுப்பிய படத்தில் பெஞ்ச் மட்டும் வெயிலில் வெறுமனே கிடந்தது. பிறகு நாலு பேரைப் பிடித்து அதைப் பவளமல்லிப் பக்கம் நகர்த்தினார்களாம்.

சிமெண்ட் வேலைக்கு அளவெடுக்க வந்த நாளில் நான் ஊரில் இருந்தேன். வேலை எடுத்த தம்பி சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். பவளமல்லியைச் சுற்றி ஓர் அடி மண் விட்டிருந்தார்.

"ஒரு அடி பத்தாது தம்பி. வேரு எங்க போகும்?"

"அம்மா, அதுக்கு மேல விட்டா கார் திரும்பாது."

"கார் திரும்பும். நான் பாத்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க முச்சந்திக் கடைக்குப் போனார். அம்மா கேட்வரை போய் அவர் தெரு முனையைத் தாண்டிவிட்டாரா என்று பார்த்தார். திரும்பி வந்து, செருப்புக் காலால் கோட்டை அழித்தார். குனிய முடியாததால் சுண்ணாம்புக் கட்டியை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டரை அடியாப் போடும்மா. கேட்டா ரெண்டுக்கு இறங்கலாம்."