சேரின் பென்டிரைவ்

வாழைச்சேனை, ஓட்டமாவடி உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் ஓர் உதவியும் கேட்டிருக்கிறோம்.

எங்களோடு வரலாறு படிப்பித்த சேர் வஃபாத்தாகி இரண்டு மாதம். போன கிழமை அவருடைய மகன் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து தந்தார். சாதாரண தரப் பிள்ளைகளுக்காக சேர் பல வருடமாகச் சேர்த்த வினாவிடை எல்லாம் அதில்தான். காகித ஆலைக்குப் பேர்போன ஊரில் அந்த மனிசன் ஒரு பிரதிகூட தாளில் எடுத்து வைக்கவில்லை!

உள்ளே இரண்டே பைல். முதலாவதுக்குப் பெயரின் வாலில் வரும் டொட்டும் எழுத்தும் இல்லை. எதிலும் திறக்கவில்லை. "வைரஸ், அழிச்சிருங்க சேர்" என்றார் ஒருவர். ஏதோ ஆப் ஒன்றை இறக்கச் சொன்னார் இன்னொருவர். இரண்டையும் செய்யவில்லை. ஒரு கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை நோட்பேடில் திறந்து பார்த்தோம் (சேவ் மட்டும் கொடுக்கக் கூடாது). ஒரே குப்பைக் குறிகள். ஆனால் தொடக்கத்தில் பி, கே என்று இரண்டு ஆங்கில எழுத்து. 1989இல் ஸிப் வடிவத்தை உருவாக்கிய பில் கட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள் அவை. பைலின் பெயரை எப்படி மாற்றினாலும் இது மாறாது. பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்றே தொடங்கும். ரார் என்றால் ரார் என்று.

டொட் ஸிப் என்று வால் போட்டோம். திறந்தது. உள்ளே 'வேர்ட்' என்றொரு போல்டர்! அப்போதுதான் விளங்கியது. டொக்எக்ஸ் ஆவணமும் உண்மையில் ஒரு ஸிப் பொதிதான். வாலை டொக்எக்ஸ் என்று மாற்றியதும் பக்கங்கள் வந்தன, ஆனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக. பழைய ஆட்கள் கண்டதும் சிரித்திருப்பார்கள். பாமினி! அதில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துருவைப் போட்டோம். "பிள்ளைகளே, முதலில் வினாவை இரண்டு தரம் வாசியுங்கள்" என்று சேர் வகுப்பில் சொல்வதுதான் முதல் வரி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டாவது பைல் அப்படி இல்லை. பெயர் சரி, டொட் ஸிப். ஆனால் பாதியில் அறுந்தது. ஸிப்பில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கும். அது போனால் உள்ளே எது எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது. வின்ராரின் ரிப்பேர் வசதியால் 4 வினாத்தாள் மீண்டது. விடைகள் வரவேயில்லை.

சேர் உங்களில் யாருக்காவது வட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ இதை அனுப்பியிருந்தால், திறக்காவிட்டாலும் அழித்துவிடாதீர்கள். வந்தபடியே எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளுக்குச் சோதனை கிட்டுகிறது.